பார்வையாளர் கூடத்தில் மணி கிடையாது

ஜனவரி 8, திங்கள்

இன்றைக்கு ஒரு கோட்டுக்கு வணக்கம் வைத்தேன். வெளியே சொன்னால் மானம் போகும், அதனால் இங்கே எழுதுகிறேன். அவைக்குப் போகிற தாழ்வாரத்தில் கல்வி அமைச்சர் நிற்கிறார் என்று நினைத்து, குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி ஒன்று வைத்தேன். அசையவே இல்லை. பெரிய மனுஷர், ஏதோ யோசனையில் இருக்கிறார் போல என்று இன்னொன்றும் வைத்தேன். அப்புறம் கிட்டப் போய்ப் பார்த்தால் கோட்டு மட்டும் ஆணியில் தொங்குகிறது. அமைச்சர் கழிவறையில் இருந்திருக்கிறார்.

என்னைப் போலவே வடக்கு வாசலில் நிற்கிற நெட்டையன் பார்த்துத் தொலைத்துவிட்டான். மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கேன்டீன்காரர் ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "இதுக்கும் ஒண்ணு வெச்சிட்டுப் போங்கண்ணே" என்றார். எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கொண்டு திரிகிறவனுக்கு அப்பப்ப இப்படி ஒரு நாள் வேண்டியதுதான்.

இந்த டைரி சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அடித்ததில் மீந்தது. வாசல் ஆட்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வீட்டுக்காரி சொன்னாள், "ஓயாம பேசுறதுல பாதியை இதுல எழுதுங்க, என் காது மிஞ்சும்." நாலாங்கிளாஸோடு நின்றவன் நான். அரைப் பக்கம் எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது.

ஜனவரி 11, வியாழன்

பள்ளி மேம்பாட்டு மசோதா என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். பிள்ளைகள் குறைவாக இருக்கிற சின்னப் பள்ளிக்கூடங்களை மூடி, பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்ப்பார்களாம். அங்கே கிளாஸுக்கு ஒரு டீச்சர், கம்ப்யூட்டர் அறை, விளையாட இடம். அமைச்சர் அழகாகப் பேசினார். கேட்கக் கேட்க எனக்கே போய்ச் சேரலாம் போல இருந்தது. அஞ்சாங்கிளாஸில் இடம் காலியாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னேன். இவள் சிரிக்கவில்லை. "அப்போ நம்ம பள்ளிக்கூடம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் குடியிருப்பின் கடைசியில் இருக்கிறது அது. இரண்டே அறை, ஒரே டீச்சர். கதவு திறப்பது, பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, மூக்குத் துடைப்பது எல்லாம் என் வீட்டுக்காரி. பேத்தி அங்கேதான் இரண்டாங்கிளாஸ். அவள் அம்மா, என் மகள், வேறு ஊரில் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், பிள்ளை எங்களோடு. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பாள் என்பதால் நான் வைத்த பெயர் வக்கீல்.

பெரிய பள்ளிக்கூடம் கல்குவாரி ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்த ரோட்டில் லாரிகள் பிரேக் இருப்பதையே மறந்து போகிறவை.

ஜனவரி 19, வெள்ளி

லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போனேன். பளிச்சென்று இருந்தால் மூட மனசு வராது என்று டீச்சர் நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அடித்தேன்.

அந்தக் கதவு ஒரு விசித்திரம். காற்றடித்தால் சாத்திக்கொள்ளும், சாத்தினால் வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிடும். உள்ளே இருக்கிறவன் கத்த வேண்டியதுதான். அதற்காக இவள் ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள். "சட்டமன்றக் கதவுக்கு நான், உன் கதவுக்குக் கல்லு. ரெண்டு பேரும் ஒரே வேலைதான்" என்றேன்.

"கல்லு வாயைத் திறக்காது. அதுக்குச் சம்பளம் கூடவே குடுக்கலாம்" என்றாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

எங்கள் தொகுதி உறுப்பினர் இன்று பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். எந்தக் கட்சியும் இல்லாத சுயேச்சை. நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்; அதனால் எங்கள் வாசலில் அவர் பெயர் கண்ணாடி. நான் டியூட்டியில் இருந்தேன். இவள் சொன்னதை எழுதுகிறேன்.

மனு எதுவும் கொடுக்கவில்லையாம். "பிள்ளைங்களோட பெரிய பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு நடை வாங்க" என்று மட்டும் கூப்பிட்டிருக்கிறாள். பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்தவர் பாதி வழியில் மண்ணுக்கலர் ஆகிவிட்டார். ரோட்டு ஓரத்தில் நின்றால் லாரி மேல் லாரி. ஒரு காலை எடுத்து வைப்பார், பின்னால் இழுப்பார். வக்கீல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடியைத் துடைச்சிட்டு வாங்க, இல்லாட்டி லாரி தெரியாது" என்றிருக்கிறாள். இவளுக்கு உயிரே போய்விட்டதாம். அவர் நிஜமாகவே துடைத்தாராம்.

ரோட்டைக் கடக்காமலே திரும்பிவிட்டார்கள். டீச்சர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதுக்கு ஒரு திருத்தம் வருது. நான் அதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இவள் இதைச் சொல்லும்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான் என்றாள். சரி, வெங்காயம்தான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

திருத்தம் இவ்வளவுதான்: பிள்ளைகள் பத்திரமாக நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லை என்றால், இருக்கிறதை மூடக் கூடாது.

நெட்டையனுக்கு இந்தக் கணக்கெல்லாம் விரல் நுனியில். அரசு பக்கமும் எதிர்ப் பக்கமும் இப்போது சரிக்குச் சரி. கண்ணாடி ஒருத்தர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். அவர் இல்லாமல் சமமாக வந்தால் சபாநாயகர் தன் ஓட்டைப் போடுவார், அது அரசுக்குத்தான். "உங்க ஆளை ஜலதோஷம் பிடிக்காம பாத்துக்கங்க" என்றான்.

அவன் சொன்னதிலிருந்து கண்ணாடி தும்மினால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பிப்ரவரி 19, திங்கள்

நாளைக்கு ஓட்டெடுப்பு, மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்கிறார்கள். காலையில் கண்ணாடியைப் பார்த்து ஒரு நன்றி சொல்லணும் என்று குடியிருப்பில் அம்மாமார்கள் இவளிடம் கேட்டிருக்கிறார்கள். நான்தான் சொன்னேன், "நான் அனுமதிச் சீட்டு வாங்கித் தர்றேன், பார்வையாளர் கூடத்துல வெச்சுப் பாருங்க" என்று. பெருமை. என் கட்டடம் இல்லையா.

பிள்ளைகள் ஆளுக்கொரு படம் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். வக்கீல் தன் படத்தை எனக்குக் காட்டமாட்டாளாம். "உறுப்பினருக்கு மட்டும்." நான் உறுப்பினர் இல்லை என்று என் வீட்டிலேயே தீர்மானம் போட்டாயிற்று.

இவள் நல்ல சேலையை எடுத்து மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

பிப்ரவரி 20, செவ்வாய்

கதவைச் சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 21, புதன்

நேற்று கை ஓடவில்லை. இன்று எழுதிப் பார்க்கிறேன்.

ஓட்டெடுப்பு என்றால் மணி அடிக்கும். தாழ்வாரம், கேன்டீன், நூலகம், கழிவறை வரைக்கும் கேட்கும். உறுப்பினர்கள் எங்கிருந்தாலும் ஓடிவருவார்கள். மணி நிற்கும்வரை கதவு திறந்திருக்கும். நின்ற நொடியில் நான் தெற்கு வாசலைச் சாத்திப் பூட்டணும், நெட்டையன் வடக்கு வாசலை. முடிவு சொல்லும்வரை திறக்கக் கூடாது. வெளியே மாட்டினவர் யாராக இருந்தாலும் வெளியேதான். ஒருதரம் ஒரு மந்திரியின் மூக்குக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையாத அளவுக்குச் சாத்தியிருக்கிறேன். அதைச் சொல்லிச் சொல்லியே நான் பேர் வாங்கினவன்.

நேற்று பேச வேண்டிய ரெண்டு மூணு பேர் பேசாமலே உட்கார்ந்துவிட்டார்கள். விவாதம் சட்டென்று முடிந்தது. காலையிலேயே மணி அடித்துவிட்டது.

எல்லாரும் வந்தார்கள். நானும் வழக்கம்போல, "மெதுவா வாங்க, கதவு ஓடிடாது" என்று சிரித்தபடி உள்ளே விட்டேன். கண்ணாடியின் நாற்காலி காலி. நூலகத்தில் இருப்பார், வந்துவிடுவார் என்று நினைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. வரவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பார்வையாளர் கூடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம். அங்கே மணி கிடையாது. உறுப்பினர்கள் அங்கே உட்காரமாட்டார்கள் என்று யாரும் வைக்கவில்லை. இது இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாதா? புதுசா வர்ற ஆளுங்களுக்கு நான்தானே சொல்லிக் குடுப்பேன்?

வாசலை விட்டு நகரக் கூடாது. அனுப்ப ஆள் இல்லை. எதிரே கேன்டீன்காரர் தட்டோடு போனார். அவரைக் கூப்பிட்டு, ஓடுங்க, கண்ணாடி பார்வையாளர் கூடத்துல இருக்காரு என்றேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினார், பாவம், அந்த உடம்போடு.

மணி நின்றது.

கண்ணாடி தாழ்வாரத்துத் திருப்பத்தில் வந்துவிட்டார். ஓடி வருகிறார். கை நிறையப் படக் காகிதங்கள், கண்ணாடி மூக்கு நுனியில். "அண்ணே, ஒரு நிமிஷம்" என்றார்.

என் கை கதவுக்குப் போய்விட்டது. நான் அனுப்பவில்லை. அதுவே போய்விட்டது. சாத்தினேன். பூட்டினேன்.

அவர் கதவைத் தட்டவில்லை. காகிதங்கள் தரையில் விழுகிற சத்தம் மட்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது.

உள்ளே எண்ணினார்கள். சமம். சபாநாயகர் தன் ஓட்டைப் போட்டார். திருத்தம் தோற்றது, மசோதா அப்படியே நிறைவேறியது. மேஜையைத் தட்டினார்கள்.

திறந்தபோது கண்ணாடி குனிந்து காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். வக்கீலுடைய படம் என் கைக்கு வந்தது. பள்ளிக்கூடக் கதவு. பக்கத்தில் கல். கதவைவிடக் கல்லைத்தான் பெரிதாக வரைந்திருந்தாள்.

"நீங்க உங்க வேலையைத்தான் செஞ்சீங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 22, வியாழன்

கூடத்தில் என்ன நடந்தது என்று இவள் நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னாள். ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளை வரைந்ததைக் கொடுத்து, இது மரம், இது டீச்சர், இது நாய்தான், மாடு மாதிரி இருக்கும் என்று விளக்கம் சொல்லியிருக்கிறாள். அவர் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். மரியாதை தெரிந்த மனுஷன். பாதியில் போக மனசு வரவில்லை. கேன்டீன்காரர் மூச்சிரைக்க வந்து நின்றபோது தையல்காரர் வீட்டம்மா கடைசிப் படத்தை நீட்டிக்கொண்டிருந்தாளாம்.

நன்றி சொல்லியே பள்ளிக்கூடத்தை மூடிட்டோம் என்றாள். அழவில்லை.

அப்புறம் கேட்டாள், "அங்க மணி கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அவரை வாசல்ல நிக்கவெச்சே அனுப்பியிருப்பேன்."

தட்டை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள். "நீங்க சாத்தும்போது எவ்வளவு தூரத்துல இருந்தாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். "இங்கேருந்து நம்ம அடுப்பங்கரை தூரம்" என்றேன்.

அவள் இங்கிருந்து அடுப்பங்கரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

மேலதிகாரி எல்லா வாசல் ஆட்களையும் நிற்கவைத்து என்னைப் பாராட்டினார். என் தொகுதி ஆள் என்றும் பார்க்காமல் விதியைக் காப்பாற்றினேனாம். எல்லாரும் கை தட்டினார்கள். நெட்டையன் தட்டவில்லை. பிறகு தனியாகச் சொன்னான்: "சாவி கீழ விழுந்துடுச்சுன்னு குனிஞ்சிருக்கலாமேண்ணே."

அது எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சரியா தப்பா என்று யோசித்து ஒரு பக்கம் முடிவெடுத்தவனாக இருந்தால் மனசுக்குப் பதில் சொல்லலாம். நான் யோசிக்கவே இல்லையே. விதிக்காகவும் சாத்தவில்லை, எதுக்காகவும் சாத்தவில்லை. மணி நின்னுது, சாத்தினேன். அந்தக் கல்லுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கல்லாவது திறந்து பிடிச்சிருக்கு.

மார்ச் 17, ஞாயிறு

இவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். கோட்டுக்கு வணக்கம் வைத்த கதையைச் சொன்னேன். "முன்னாடியே சொல்லிட்டீங்க" என்றாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பள்ளிக்கூடம் கடைசி நாள். டீச்சருக்கு வேறு ஊர் போட்டுவிட்டார்கள். பெருக்கி, தண்ணீர் தெளித்து, கரும்பலகையைத் துடைத்துவிட்டுத்தான் இவள் சாவியைக் கொடுத்தாளாம். மூடப் போகிற இடத்தை ஏன் பெருக்கினே என்று நான் கேட்கவில்லை. கேட்கிற ஆள்தான் நான், ஆனாலும் கேட்கவில்லை.

பெரிய பள்ளிக்கூடத்தில் பெருக்க ஆள் இருக்கிறது. இவளுக்கு அங்கே இடம் இல்லை. ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்திருக்கிறாள். இனிமேல் மூக்குத் துடைக்கிற வேலை இல்லை என்றேன். "மூக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

ஜூன் 10, திங்கள்

பெரிய பள்ளிக்கூடம் முதல் நாள். குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக்கி இவளே ரோட்டைக் கடத்திவிட்டாள். ஒரு கையைத் தூக்கி லாரிக்கு முன்னால் நின்றாளாம், டிராபிக் போலீஸ் தோற்றான். சாயந்திரம் வக்கீல் வந்து அங்கே கம்ப்யூட்டர் அறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டாள். என்னைப் பார்த்தே கேட்டாள்.

நாளையிலிருந்து இவளுக்குக் காலை ஷிப்ட். அம்மாமார்கள் முறை போட்டுக்கொண்டு கடத்திவிடுவதாகப் பேச்சு.

ஜூலை 4, வியாழன்

தையல்காரர் மகளை லாரி உரசிடுச்சு. கால் போச்சு. போச்சுன்னா எடுத்துடல, முட்டிக்குக் கீழ நொறுங்கியிருக்கு, கம்பி வெக்கிறாங்க. இன்னைக்கு முறைக்கு வர வேண்டிய அம்மாவுக்குக் காய்ச்சல், யாரும் வரல. பிள்ளைங்களே கடந்திருக்குதுங்க. வக்கீலும் அந்தப் பொண்ணும் கை கோத்துக்கிட்டுப் போயிருக்குதுங்க — லாரி ஒருத்தியை மட்டும் இழுத்துட்டுப் போயிருக்கு.

வக்கீல் மேல ஒரு கீறல் இல்ல. பேச்சும் இல்ல. கேட்டா கையை மட்டும் பாக்குறா.

இவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனாங்க. ரத்தத்தைத் துடைச்சது இவள்தான்.

ஜூலை 15, திங்கள்

பை மாட்டிவிட்டால் வக்கீல் வாசல்படி வரைக்கும் வருகிறாள். அப்புறம் உட்கார்ந்துகொள்கிறாள். நான் தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். எதிர்க்கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விடுங்க" என்றாள் இவள். இவள் விடுங்க என்று சொல்லுவாள் என்று நான் நினைத்ததில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

அவையில் கேள்வி நேரம். சேர்ப்பு வேலை நல்லபடியாக முடிந்ததாக அமைச்சர் சொன்னார். பெரிய பள்ளிக்கூடங்களின் பதிவேட்டில் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்களாம். வந்துவிட்டார்கள்தான். எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் பதிவேட்டில் மட்டும் போய் வருகிறார்கள். கண்ணாடி எழுந்து அதைத்தான் கேட்டார். நேரம் முடிந்தது என்று சபாநாயகர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

வெளியே போகும்போது என் வாசலில் நின்று, பேத்தி எப்படி இருக்கா என்று கேட்டார். வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். வேறு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன், அவர் போனார்.

செப்டம்பர் 4, புதன்

சட்டமன்றத்தில் பழைய நாற்காலிகளைக் கழித்துவிட்டுப் புதிது போடுகிறார்கள். பழையதைப் போட்டுவைக்க எங்கள் குடியிருப்புப் பள்ளிக்கூடத்தை எடுத்திருக்கிறார்கள். காலியாகத்தானே கிடக்கிறது. எனக்கு இடம் தெரியும் என்பதால் மேலதிகாரி என்னையே லாரியோடு அனுப்பினார்.

காலையில் போய் இறக்கினோம். நாற்காலிகளை இரண்டு அறையிலும் கூரை வரை அடுக்கினோம். சின்ன பெஞ்சுகளை மூலைக்குத் தள்ளினோம். லாரிக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் உள்ளே எண்ணிக்கொண்டிருந்தேன். காற்றடித்தது. கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

முட்டுக் கல் வைக்க மறந்திருக்கிறேன்.

தட்டினேன். கத்தினேன். கேட்க ஆள் இல்லை. பழைய அமைச்சர் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். ஸ்பிரிங் போய்விட்டிருந்தது. கரும்பலகை சுத்தமாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து வெளியே காலடி. "யாரு உள்ள?" வக்கீல் குரல். தாத்தாதான் என்றேன்.

"உள்ள என்ன பண்றீங்க?"

"நாற்காலி எண்ணுறேன்."

"எண்ணி முடிச்சாச்சா?"

ஆச்சு என்றேன். தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. ஏதோ பெரிதாக இழுக்கிற சத்தம் கேட்டது. கல்லை உருட்டிக்கொண்டு வந்து, அதன் மேல் ஏறி நின்று திறந்தாள். மணி பதினொன்று. புதன்கிழமை. பள்ளிக்கூட நாள்.

"மணி அடிச்சாத்தான் திறக்கணுமோன்னு பாத்தேன்" என்றாள். ஜூலைக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசியது இன்றைக்குத்தான்.

வெளியே வரும்போது அந்தக் கல்லில் இடித்துக்கொண்டேன். வலது கால் கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்தது. துணி சுற்றியிருக்கிறேன். செருப்பு நுழையவில்லை. நாளைக்கு வாசலில் ஒரு காலில் செருப்போடுதான் நிற்க வேண்டும்.